அப்பாவின் கட்சியை விட்டு: மெகன் லாய்ட் ஜார்ஜின் அரசியல்

1957 பிப்ரவரி 28 அன்று தென்மேற்கு வேல்ஸின் கார்மார்தன் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. லிபரல் எம்.பி. ஒருவர் இறந்ததால் காலியான இடம் அது. பிரிட்டிஷ் மக்களவையில் லிபரல்களுக்கு அப்போது இருந்ததே ஆறு இடங்கள்தான். அதில் ஒன்றைப் பறிக்க லேபர் கட்சி நிறுத்தியிருந்த வேட்பாளர், லிபரல்களின் கடைசிப் பிரதமரான டேவிட் லாய்ட் ஜார்ஜின் மகள் மெகன். அவருக்கு வயது 54. அந்த லிபரல் கட்சிக்கே சில ஆண்டுகளுக்கு முன்வரை துணைத் தலைவராக இருந்தவர்.

வாக்குகளை எண்ணி முடித்தபோது மெகனுக்கு 23,679, லிபரல் வேட்பாளர் ஜான் மோர்கன் டேவிஸுக்கு 20,610. வித்தியாசம் 3,069. லிபரல்கள் ஐந்து பேராகிப்போனார்கள். சில மாதங்களுக்கு முன் தலைமைக்கு வந்திருந்த ஜோ கிரிமண்டுக்கு முதல் தேர்தல் சோதனையே இப்படி முடிந்தது.

கட்சி மாறியவர்களைப் பற்றி எழுதும்போது இரண்டே கதைகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். ஒன்று, பதவிக்காகப் போனார். இல்லையென்றால், மனசாட்சிக்காகப் போனார். மெகன் விஷயத்தில் இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை. பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மனசாட்சி என்றால், அவர் மிகவும் நேசித்த ஒரு கோரிக்கையில் புதிய கட்சிதான் பழைய கட்சியைவிடக் கடுமையான எதிரி. பிறகு ஏன் போனார்? அதற்கு அவருடைய மனதைவிட வேல்ஸின் தொகுதிக் கணக்கைப் பார்ப்பதுதான் எனக்குப் பயன்பட்டது.

மெகன் பிறந்தது 1902-இல், வடமேற்கு வேல்ஸின் கடலோர ஊரான க்ரிக்கியெத்தில். வீட்டில் வெல்ஷ் மொழிதான். ஆங்கிலம் பின்னால் வந்தது. அவருக்கு ஆறு வயதாகும்போது அப்பா நிதியமைச்சர், பதினான்கு வயதில் அப்பா பிரதமர். ஆக, டவுனிங் தெருவின் 11-ஆம் எண் வீட்டிலும் பிறகு 10-ஆம் எண் வீட்டிலும் வளர்ந்த பெண். 1911-இல் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஃபிரான்சஸ் ஸ்டீவன்சன் அப்புறம் அப்பாவின் செயலாளர் ஆனார், காதலியும் ஆனார். மெகனின் அம்மா மார்கரெட் 1941-இல் இறந்தபின், 1943-இல் லாய்ட் ஜார்ஜ் ஃபிரான்சஸையே மணந்துகொண்டார். மகள் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அப்பாவின் வீட்டு வாழ்க்கையோடு இவ்வளவு கசப்பு இருந்தும் அப்பாவின் அரசியலை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1924-இல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். அப்போதைய வைஸ்ராய் ரீடிங் பிரபு அவர் அப்பாவின் பழைய அரசியல் நண்பர்; அவருடைய விருந்தாளியாகச் சுமார் ஓராண்டு இங்கே இருந்தார். ஊர் திரும்பி மூன்று நான்கு ஆண்டுகளில், வடமேற்கு வேல்ஸின் ஆங்கில்சி தீவில் லிபரல் வேட்பாளர் ஆகிவிட்டார்.

1929 தேர்தல் பிரிட்டனில் 21 வயது நிறைந்த எல்லாப் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்த முதல் பொதுத்தேர்தல். அதில் ஆங்கில்சியில் வென்ற மெகன், வேல்ஸ் தொகுதியொன்றிலிருந்து மக்களவைக்குப் போன முதல் பெண். கன்னிப்பேச்சுக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் கிராமப்புற வீட்டுவசதி. பெரிய வீட்டுப் பிள்ளை தேடிப் பிடித்த தலைப்பு என்று நினைக்கலாம். ஆனால் அந்தக் கால வெல்ஷ் லிபரல் அரசியலே இந்த மாதிரியான விஷயங்களில் நின்றதுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'லிபரல்' என்ற சொல் இங்கிலாந்தில் ஒன்றைக் குறித்தது, வேல்ஸில் வேறொன்றை. வேல்ஸின் குத்தகை விவசாயிகளும் வடக்கின் கற்பலகைச் சுரங்கத் தொழிலாளர்களும் பெரும்பாலும் சேப்பல்காரர்கள், அதாவது ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வெளியே தனித் தேவாலயம் கட்டிக்கொண்டவர்கள். நிலம் வைத்திருந்தவர்களோ ஆங்கிலம் பேசும், ஆங்கிலிக்கன் திருச்சபைக்குப் போகும், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்கும் கூட்டம். மொழி, மதம், நிலம் மூன்றும் ஒரே கோட்டில் பிளவுபட்டிருந்தன. அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கட்சி லிபரல்தான். சட்டம் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வேல்ஸில் கொடுத்திருந்த தனி அந்தஸ்தை நீக்கவும் அவர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1914-இல் சட்டம் நிறைவேறி, போரால் தள்ளிப்போய், 1920-இல் நடைமுறைக்கு வந்தது. மெகன் பின்னாளில் கட்சி மாறும்போது சொன்ன 'ராடிகல்' பாரம்பரியம் இதுதான். சுதந்திரச் சந்தை பற்றிய தத்துவ வகுப்பு அல்ல. நிலப்பிரபுவின் எதிரில் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்ற பிடிவாதம்.

இதனால்தான் 1931-இல் லிபரல்களில் பெரும்பகுதி கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து 'தேசிய அரசு' அமைத்தபோது மெகன் போகவில்லை. அப்பா, அண்ணன் க்விலிம், உறவினர் கோரான்வி ஓவன், மெகன் ஆகிய நான்கு பேரும் சுயேச்சை லிபரல்களாகத் தனியே நின்றார்கள். மக்களவையில் இப்படி ஒரு குடும்பமே ஒரு கட்சியாக உட்கார்ந்தது வேடிக்கையான காட்சிதான். ஆனால் மெகனின் திசை அங்கேயே தெரிந்துவிட்டது. கன்சர்வேட்டிவ்களோடு எந்த ஏற்பாடும் அவருக்கு ஒத்துவரவில்லை.

அவர் பின்னாளில் லேபருக்குப் போனதற்கு லேபர் அரசியல்வாதி பிலிப் நோயல்-பேக்கருடன் இருந்த நீண்ட காதலைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. உறவு உண்மை. நோயல்-பேக்கர் மணமானவர், உறவு பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் அது தொடங்கியது 1930களின் பிற்பாதியில். மெகனின் இடதுசாரி நிலை அதற்கு முன்பே பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் அரசியல்வாதியின் முடிவுக்கு முதலில் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. இந்த விளக்கம் அதைத் தாண்டி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

போர்க் காலத்தில் அவருடைய இன்னொரு அக்கறை வெளியே வந்தது. 1944 அக்டோபர் 17 அன்று வேல்ஸ் பற்றி மட்டும் விவாதிக்க மக்களவை முதல்முறையாக ஒரு நாளை ஒதுக்கியது. அதைத் தொடங்கிவைத்துப் பேசியவர் மெகன். வேல்ஸ் இங்கிலாந்தின் ஒரு மாவட்டம் அல்ல, தனி நாடு. அதற்கென்று அமைச்சர் வேண்டும், பிறகு நாடாளுமன்றமும் வேண்டும் என்பது அவருடைய நிலை.

சரி, இனி அந்தத் தொகுதிக் கணக்குக்கு வருவோம்.

1945 பொதுத்தேர்தலில் லேபர் அலை. லிபரல்கள் 12 பேராகச் சுருங்கினார்கள். அப்பா அந்த மார்ச்சில்தான் இறந்திருந்தார். சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் பிரபுப் பட்டம் ஏற்றுக்கொண்டதால் மகள் 'லேடி மெகன்' ஆகியிருந்தார். ஆங்கில்சியில் மெகன் 1,081 வாக்கில் தப்பினார். அவரிடம் தோற்றவர் க்ளெட்வின் ஹியூஸ் என்ற இளம் லேபர் வழக்கறிஞர், அந்தத் தீவுக்காரர்தான். 1950-இல் அதே ஹியூஸ், மெகனின் வித்தியாசம் 1,929. அந்த முறை லிபரல்கள் மொத்தம் ஒன்பது பேர். லேபரின் பெரும்பான்மை ஐந்தே ஐந்து என்பதால் அந்த ஒன்பது வாக்குகளுக்கும் மதிப்பு வந்தது. உடனே கட்சி இரண்டாகப் பிளந்து வாக்களித்தது. மெகன், வேல்ஸின் எம்ரிஸ் ராபர்ட்ஸ், எட்கர் கிரான்வில் ஆகியோர் லேபர் பக்கம் சாய்ந்தார்கள். மற்றவர்கள் பலர் கன்சர்வேட்டிவ் பக்கம்.

மெகனை 1949-இல் துணைத் தலைவர் ஆக்கியிருந்தார்கள். தலைவர் கிளமென்ட் டேவிஸும் வேல்ஸ்காரர்தான். இடதுபக்கம் நழுவும் ஒருவரைப் பதவி கொடுத்துக் கட்டிவைக்கும் முயற்சி என்றுதான் அதைப் பார்க்க முடிகிறது. கட்டு நிற்கவில்லை.

1951 தேர்தல் முடிவுகளில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. லிபரல்களுக்கு ஆறு இடங்கள். அந்த ஆறில் ஐந்து தொகுதிகளில் கன்சர்வேட்டிவ் வேட்பாளரே இல்லை. கன்சர்வேட்டிவை எதிர்த்து நின்று வென்ற ஒரே லிபரல், ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளில் நின்ற கிரிமண்ட். கிளமென்ட் டேவிஸின் மான்ட்கோமரி, கார்மார்தன், கார்டிகன் என்று வேல்ஸில் பிழைத்த மூன்றும் கன்சர்வேட்டிவ்கள் விட்டுக்கொடுத்த இடங்கள். ஆங்கில்சியில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. க்ளெட்வின் ஹியூஸ் 11,814, மெகன் 11,219. 595 வாக்கில் போய்விட்டது, 22 ஆண்டுத் தொகுதி. எம்ரிஸ் ராபர்ட்ஸும் தோற்றார். கிரான்விலும் தோற்றார்.

இதில் சதி எதுவும் தேவையில்லை. தங்களுக்குத் தொந்தரவு தராத லிபரல் நின்றால் கன்சர்வேட்டிவ்கள் ஒதுங்கினார்கள், லேபர் பக்கம் சாயும் லிபரல் நின்றால் வேட்பாளரைப் போட்டார்கள். அவ்வளவுதான். விளைவு, ஒரு சல்லடை. ஒவ்வொரு தேர்தலிலும் கட்சியின் இடதுபக்கம் கீழே விழுந்தது, வலதுபக்கம் மேலே தங்கியது. லிபரல் கட்சி கொள்கையை மாற்றிக்கொண்டதாக எந்த மாநாட்டிலும் தீர்மானம் போடவில்லை. யார் பிழைத்தார்கள் என்பதே கொள்கையை மாற்றிவிட்டது.

அந்தத் தேர்தலில் இன்னொரு மகளின் கதையும் இருக்கிறது. லாய்ட் ஜார்ஜ் 1916-இல் எந்தப் பிரதமரை இறக்கிவிட்டு மேலே வந்தாரோ, அந்த ஆஸ்குவித்தின் மகள் லேடி வயலட் பான்ஹம் கார்ட்டரும் அப்போது லிபரல்தான். கால்ன் வேலி தொகுதியில் அவருக்காகக் கன்சர்வேட்டிவ்கள் ஒதுங்கினார்கள். சர்ச்சிலே வந்து மேடையேறினார். அப்படியும் அவர் தோற்றார். அப்பாக்களின் சண்டை தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு மகள் சர்ச்சிலின் கையைப் பிடித்தார், இன்னொரு மகள் லேபரின் வாசலைப் பார்த்தார். தேர்தலுக்குப்பின் சர்ச்சில் கிளமென்ட் டேவிஸுக்கு அமைச்சர் பதவியே தர முன்வந்தார். டேவிஸ் மறுத்தார். கட்சி அதனால்தான் தனிக் கட்சியாக மிஞ்சியது என்று சொல்வார்கள். மெகனுக்கு அது போதவில்லை.

1952-இல் ஆங்கில்சியில் மீண்டும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1955 ஏப்ரலில் லேபரில் சேர்வதாக அறிவித்தார். லிபரல் கட்சி தன்னை உருவாக்கிய ராடிகல் மரபோடு தொடர்பை இழந்துவிட்டது, அந்த மரபுக்கு இனி லேபரில்தான் இடம் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அப்போது எம்.பி. இல்லை. மக்களவையின் நடுத்தளத்தைக் கடந்து எதிர்வரிசையில் போய் உட்காரும் நாடகம் எதுவும் நடக்கவில்லை. கையில் தொகுதி இல்லாமல், மூன்றரை ஆண்டு யோசித்து, தன்னைத் தோற்கடித்த கட்சிக்கே போனார். அவர் மட்டும் அல்ல, 1951-இல் விழுந்த கிரான்விலும், டிங்கிள் ஃபுட் என்ற இன்னொரு முன்னாள் லிபரல் எம்.பி.யும் அந்தப் பத்தாண்டில் லேபருக்கே வந்தார்கள். சல்லடையில் விழுந்தவர்கள் சேர்ந்த இடம் அது.

அண்ணன் க்விலிம் இதற்குள் எதிர்த் திசையில் வெகுதூரம் போயிருந்தார். பெம்ப்ரோக்ஷயரின் லிபரல் எம்.பி.யாக இருந்தவர் 1950-இல் 129 வாக்கில் லேபரின் டெஸ்மண்ட் டானலியிடம் தோற்றார். 1951-இல் கன்சர்வேட்டிவ் ஆதரவோடு நியூகாசிலில் வென்று, சர்ச்சில் அரசில் உணவு அமைச்சராக ரேஷனை முடித்துவைத்தார். 1954-இல் உள்துறை அமைச்சர். வேல்ஸ் விவகாரமும் அவர் பொறுப்பு. கார்டிஃப் வேல்ஸின் தலைநகரம் என்று 1955 டிசம்பரில் அறிவித்தவர் அவர்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே கட்சியில் தொடங்கியவர்கள். 1957 தொடக்கத்தில் அண்ணன் கன்சர்வேட்டிவ் அமைச்சரவையிலிருந்து விலகிப் பிரபுக்கள் அவைக்குப் போனார், தங்கை லேபர் எம்.பி.யாக மக்களவைக்கு வந்தார். (அண்ணனைத் தோற்கடித்த டானலியும் பிறகு லேபரை விட்டு, சொந்தக் கட்சி ஆரம்பித்து, கடைசியில் கன்சர்வேட்டிவில் சேர்ந்தார். பெம்ப்ரோக்ஷயருக்கு அப்படி ஒரு ராசி போல.)

கார்மார்தன் இடைத்தேர்தல், 1956-இல் கன்சர்வேட்டிவ் அரசு எகிப்தின் மீது நடத்திய சூயஸ் படையெடுப்பு முடிந்த சூட்டில் வந்தது. மெகன் படையெடுப்பைக் கடுமையாக எதிர்த்தவர். லிபரல் கட்சியும் தலைமை அளவில் எதிர்த்ததுதான். ஆனால் கார்மார்தனின் லிபரல் வேட்பாளர் அரசின் சூயஸ் நடவடிக்கையை ஆதரித்தார்! அந்தத் தேர்தலிலும் கன்சர்வேட்டிவ்கள் யாரையும் நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெகன் சொன்ன குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சியை அவரே கேட்டு வாங்கியிருக்க முடியாது. பழைய லிபரல் வாக்காளர்களின் சேப்பல் கிராமங்களில் லாய்ட் ஜார்ஜின் மகள் வெல்ஷில் பேசும்போது, அவர் வேறு கட்சிக்காரர் என்பதே எத்தனை பேருக்கு உறைத்திருக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் அவர் கொடுத்த விலை வேறு இடத்தில் இருந்தது. 1950 ஜூலையில் லாண்டிரின்டாட் வெல்ஸில் 'வேல்ஸுக்கு நாடாளுமன்றம்' இயக்கம் தொடங்கியது. அதன் தலைமையில் மெகன். பிளைட் கம்ரி கட்சியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸும் அதில் முக்கியமானவர். பிளைட் கம்ரி, வெல்ஷ் தேசியக் கட்சி. 1925-இல் தொடங்கி அதுவரை ஓர் எம்.பி.யைக்கூடக் காணாதது. இயக்கம் சுமார் இரண்டரை லட்சம் கையெழுத்து சேர்த்தது. லேபர் கட்சி அதிகாரபூர்வமாக எதிர்த்தது. தென்வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த அதன் பெருந்தலைகளுக்கு, அனைரின் பெவன் உட்பட, வர்க்கம்தான் முக்கியம்; வெல்ஷ் நாடாளுமன்றம் தொழிலாளர் ஒற்றுமையைப் பிரிக்கும் வேலை. கட்சிக் கட்டளையை மீறி ஆதரித்த லேபர் எம்.பி.க்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் ஆங்கில்சியின் க்ளெட்வின் ஹியூஸ்! 1955 மார்ச்சில் அந்த ஐவரில் இன்னொருவரான எஸ்.ஓ. டேவிஸ் வெல்ஷ் நாடாளுமன்றம் கேட்டுக் கொண்டுவந்த மசோதா 14-க்கு 48 என்று தோற்றது. அடுத்த மாதமே மெகன் அதை எதிர்த்த லேபர் கட்சியில் சேர்ந்தார்.

முரண் என்று சொல்லிக் கடந்துபோகலாம். அவருடைய கணக்கு வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு பேர் கட்சி நூறு முறை ஆதரித்தாலும் சட்டம் வராது, அரசு அமைக்கும் கட்சி ஒருமுறை மனம் மாறினால் வரும். அது பாதி பலித்தது. 1959-இல் வேல்ஸுக்குத் தனி அமைச்சர் என்று லேபர் வாக்குறுதி தந்தது, 1964-இல் லேபர் பிரதமர் ஹரால்ட் வில்சன் ஜேம்ஸ் கிரிஃபித்ஸை முதல் வேல்ஸ் அமைச்சர் ஆக்கினார். அந்த மாற்றத்துக்குக் கட்சிக்குள் முக்கியமாகப் பாடுபட்டவர் கிரிஃபித்ஸ்தான். மெகனின் பங்கைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றக் கோரிக்கை அப்படியே கிடந்தது. மெகனுக்கும் அரசில் எந்தப் பதவியும் தரப்படவில்லை. 1966 ஏப்ரலில் கிரிஃபித்ஸுக்குப்பின் வேல்ஸ் அமைச்சர் ஆனவர், ஆங்கில்சியில் மெகனைத் தோற்கடித்த அதே க்ளெட்வின் ஹியூஸ்.

1966 மார்ச் பொதுத்தேர்தலில் மெகன் புற்றுநோயோடு படுத்திருந்தார். பிரசாரத்துக்கு வரவே இல்லை. வராமலே 9,233 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மே 14 அன்று இறந்தார். 64 வயது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 14 அன்று, கார்மார்தனில் மறுபடியும் இடைத்தேர்தல். லேபர் வேட்பாளர் க்விலிம் ப்ரிஸ் டேவிஸ். இளமையில் வெல்ஷ் குடியரசு இயக்கத்தில் இருந்து, பிறகு லேபருக்கு வந்த வழக்கறிஞர். பிளைட் கம்ரிக்கு க்வின்ஃபோர் எவன்ஸ், மெகனோடு ஒரே மேடையில் நாடாளுமன்றம் கேட்டவர். மார்ச்சில் இதே தொகுதியில் 7,416 வாக்கு வாங்கி மூன்றாவதாக வந்திருந்தார். இடைப்பட்ட மாதங்களில் நாட்டு அளவில் லேபர் அரசின் மீது அதிருப்தி ஏறியிருந்தது. சுரங்கங்கள் மூடப்படும் பயம், கிராமப் பள்ளிகளுக்கு ஆபத்து, கார்மார்தனிலிருந்து அபெரிஸ்ட்வித் போகும் பயணிகள் ரயில் முந்தைய ஆண்டே நின்றுபோன எரிச்சல் எல்லாம் சேர்ந்தன. எவன்ஸ் 16,179, டேவிஸ் 13,743. பிளைட் கம்ரியின் முதல் எம்.பி. வந்தார்.

லிபரலாக இருந்து மெகனின் பெயருக்காக லேபர் பக்கம் வந்த வாக்குகள் கட்சிக்கு வந்தவை அல்ல என்று அன்று தெரிந்துபோனது. அவரோடு வந்தவை, அவர் போனதும் தங்களுக்குப் பழக்கமான வேறொரு குரலைத் தேடிப் போயின. சேப்பல், மொழி, நிலம் என்ற பழைய கோடு அழியாமல் அங்கேதான் இருந்தது; அதன் இந்தப் பக்கத்தில் நிற்கும் கட்சி மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தொகுதி கார்டிகனில் எலிஸ்டன் மோர்கன் என்றொருவர் இருந்தார். பிளைட் கம்ரியின் அடுத்த தலைவர் என்று பேசப்பட்டவர். அந்தக் கட்சியில் இருந்தால் ஒருநாளும் மக்களவைக்குப் போக முடியாது என்று பார்த்து 1965-இல் லேபருக்கு மாறினார்; 1966 மார்ச்சில் வேல்ஸின் பழைய லிபரல் கோட்டை ஒன்றைப் பிடித்து எம்.பி.யும் ஆனார். மூன்றரை மாதம் கழித்து அவர் விட்டுவந்த கட்சி பக்கத்திலேயே ஜெயித்துவிட்டது.